கேசட் கேமும் செல்போன் கேமும்: ஓர் ஆட்டக்காரனின் பார்வை

வீடியோ கேம் என்று சொன்னாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறிவிடுகிறது. காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் குப்பத்தில் ஒரு அண்ணன், போட்டுக்குப் புது இன்ஜின் வாங்க வைத்திருந்த பணத்தை ஆன்லைன் ரம்மியில் விட்டுவிட்டார். கொக்கிலமேட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் அந்தப் பேச்சுதான். அன்றிலிருந்து எங்க அப்பாவுக்கு ரம்மியும் ஒன்றுதான், பப்ஜியும் ஒன்றுதான், மாரியோவும் ஒன்றுதான். எல்லாத்துக்கும் 'கேமு' என்று ஒரே பெயர். "படிக்கிற பையனுக்கு எதுக்குடா அது?" என்று கேட்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே என் கையில் இருக்கும் போன் குடும்பத்துக்கே பொதுச் சொத்து மாதிரி. அதில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

அன்பு நண்பர்களே, அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. பழைய கேம், புதிய கேம் இரண்டையும் ஆடியவன் என்ற முறையிலும், எலக்ட்ரானிக்ஸ் லேபில் கொஞ்சம் தலையை விட்டவன் என்ற முறையிலும் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கேன்டீனில் சண்டைக்கு வரலாம்.

ஒரு கேமை எடைபோட நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பேன். தோற்றபோது, ஏன் தோற்றேன் என்று எனக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அது விளையாட்டு. தெரியாமலேயே மறுபடி மறுபடி ஆட வைத்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

முதலில் பழையது. எங்க மாமா வீட்டுப் பரணில் ஒரு டிவி கேம் கிடந்தது. இரண்டு ரிமோட், ஒரு மஞ்சள் கேசட். கேசட் மேலே லட்சக்கணக்கில் கேம் இருப்பதாக எண் போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் மாரியோ, கான்ட்ரா, டாங்கி என்று கொஞ்சம் கேம்தான் திரும்பத் திரும்ப வேறு பெயரில் வரும். படம் வரவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி ஊதிவிட்டுப் போட வேண்டும். 90களிலும் 2000களிலும் நம் ஊர் வீடுகளுக்கு வந்த இந்தப் பெட்டிகள் எல்லாம், ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983ல் விட்ட ஃபேமிகாம் என்ற மெஷினின் நகல்கள்.

அந்த மெஷினுக்கு வேலை செய்யும் ரேம் எவ்வளவு தெரியுமா? 2 கிலோபைட். நம்ம லேபில் இருக்கும் 8051 சிப்புக்குள் 128 பைட் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த 2 கிலோபைட் அவ்வளவு எட்டாத உயரம் இல்லை என்று புரியும். 1985ல் வந்த சூப்பர் மாரியோ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிசு! இடம் போதாது என்பதால் வானத்து மேகத்தையும் தரையிலிருக்கும் புதரையும் ஒரே படத்தில் முடித்துவிட்டார்கள். நிறம் மட்டும்தான் வேறு. வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். அடுத்த தடவை ஆடும்போது உற்றுப் பாருங்கள்.

1978ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்னும் பழசு. எனக்கு மிகவும் பிடித்த பாடம் அதில்தான் இருக்கிறது. அதை ஓட்டியது இன்டெல் 8080. நம் சீனியர்கள் லேபில் ஹெக்ஸ் கோடு அடித்துக் கை தேய்ந்த 8085க்கு அண்ணன் முறை. திரையில் 55 எதிரிகள், வரிசைக்கு 11 பேர் வீதம் 5 வரிசை. அந்தப் ப்ராசஸர் ஒரு தடவைக்கு ஒரு எதிரியைத்தான் நகர்த்தும். விநாடிக்குச் சுமார் 60 தடவை திரை மாறும். அப்படியானால் 55 பேரும் ஒரு அடி நகர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். நாம் சுடச்சுட ஆள் குறைகிறது. 10 பேர் மட்டும் மிச்சம் என்றால் அதே ஒரு விநாடியில் ஆறு அடி. கடைசி ஒருத்தன் பாய்ந்துகொண்டு வருவான். எதிரிகளை வேகப்படுத்த வேண்டும் என்று யாரும் தனியாக ப்ரோக்ராம் எழுதவில்லை. அதை உருவாக்கிய நிஷிகாடோ இந்த விளைவைக் கவனித்து, நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். மெஷினுடைய பலவீனமே விளையாட்டுக்கு உயிராகிவிட்டது.

பேக்மேனும் (1980) சாதாரணப்பட்டது அல்ல. அதில் துரத்தும் நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். சிவப்பு நேராக நம் பின்னாலேயே வரும். ரோஸ் நமக்கு நாலு கட்டம் முன்னால் போய் மடக்கப் பார்க்கும். ஆரஞ்சு துரத்திக்கொண்டே வந்து, ரொம்ப நெருங்கியதும் பயந்து தன் மூலைக்கு ஓடும். கபடியில் ரைடு போனவனை ஒருத்தன் போக்குக் காட்ட, இன்னொருத்தன் பின்னால் வந்து கோட்டை அடைப்பானே, அதே வித்தைதான். குணம் தெரிந்தால் தப்பிக்கலாம். 256வது லெவலில் திரையின் வலது பாதி குப்பையாகிவிடும். காரணம் நமக்குப் புதிதல்ல. 8 பிட்டில் 255க்கு மேல் எண்ண முடியாது, அடுத்தது பூஜ்யம்.

இதனால் பழசெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. கான்ட்ராவில் மூன்று உயிர். பாதியில் சேமித்து வைத்து மறுநாள் தொடர வழியில்லை. முப்பது உயிர் தரும் ரகசிய பட்டன் வரிசை தெரிந்த பையன்தான் அந்தத் தெருவுக்கே ராஜா. மேலும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், பேக்மேன் எல்லாம் கடைகளில் காசு போட்டு ஆடும் மெஷினாகத்தான் பிறந்தன. சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். பையில் கை விடுவது புதுக் கேம்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை.

எங்க அப்பாவும் ஒரு காலத்தில் கேம் ஆடியவர்தான் என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அவருடைய முதல் போன் ஒரு நோக்கியா. நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலேயே 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலை ஓடியது. கடலில் வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் டவர் கிடைக்காது, போன் வெறும் கட்டை. அப்போது பாம்பு கேம்தான் துணை. 1997ல் நோக்கியா 6110 மாடலில் முதலில் வந்த அதே பாம்பு. "அது கேமு இல்லடா, சும்மா நேரம் போக்க" என்கிறார். நான் வாதாடவில்லை.

இப்போது புதியது. பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ 2021ல் வந்தது, 2022 ஜூலையில் கடைகளிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பியது. திருக்கழுக்குன்றம் வழி செங்கல்பட்டு பஸ்ஸில் கடைசி சீட்டைப் பார்த்தாலே அது தடையில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்! அந்தக் கேமைக் குறைத்துப் பேச மாட்டேன். 100 பேர் இறங்கி, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் ஒரே அணி மிஞ்ச வேண்டும். எங்கே இறங்குவது, எப்போது ஓடுவது, எந்தச் சத்தம் எந்தத் திசையில் என்று நான்கு நண்பர்கள் ஒருவரையொருவர் நம்பி ஆட வேண்டும். செத்த பிறகு, வட்டத்தைப் பார்க்காமல் விட்டோம் என்று தெளிவாகத் தெரியும். என் கேள்வியில் அது பாஸ்.

எனக்குப் பிடிக்காதது ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறது. துப்பாக்கிக்குப் புது நிறம் வேண்டுமா, காசு கட்டிச் சக்கரத்தைச் சுற்று. வந்தாலும் வரும், வராவிட்டாலும் போகும். அங்கே ஏன் தோற்றேன் என்று கேட்டால் பதில் கிடையாது. இப்படிக் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை பெல்ஜியம் நாடு 2018லேயே சூதாட்டக் கணக்கில் சேர்த்துவிட்டது. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் போச்சு என்பதும் அதே குடும்பம்தான். மாரியோவை மூன்று மாதம் தொடாவிட்டாலும் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ரம்மி இன்னும் ஒரு படி கீழே. வீட்டுத் திண்ணையில் ஆடும் ரம்மியில் திறமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செல்போனில் சீட்டைக் கலைத்தது யார், எதிரே உட்கார்ந்திருப்பது யார், ஒன்றும் தெரியாது. விட்டதைப் பிடிக்க இன்னொரு ஆட்டம் என்பது மட்டும் தெரியும். நம் மாநிலம் 2025 தொடக்கத்தில் இரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களுக்குத் தடை போட்டது, அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் போட்டி விளையாட்டை அது தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. எங்க அப்பாவிடம் நான் சொல்ல முயன்ற வித்தியாசத்தைச் சட்டமே எழுதிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

2022ல் மாமல்லபுரம் பூஞ்சேரியில் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை பொம்மையைத் தெருத்தெருவாகப் பார்த்தோம். குகேஷ் முதல் போர்டில் தங்கம் வாங்கினார். அங்கே ஒரு வழக்கம்: ஆடும்போது ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும். தோற்றவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் எங்கே சறுக்கியது என்று தேடலாம். நான் கேமில் எதிர்பார்ப்பதும் இந்தத் தாளைத்தான்.

புதியதில் எனக்கு மிகவும் பிடித்தது துப்பாக்கி கேம் அல்ல. 'வெண்பா'. டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 2023ல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்து எழுத்து அழிந்துபோயிருக்கும், விட்டுப்போன வரியை நாமே யோசித்துச் சமைக்க வேண்டும். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேம் என்று பரிசு வாங்கியது. நண்பனின் லேப்டாப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துப் போய் ஆடினேன். முதல் சமையல் இட்லி. எந்தத் தட்டின் மேல் எந்தத் தட்டு என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். மீன் கழுவிக்கொண்டிருந்த எங்க அம்மா ஈரக் கையோடு பின்னால் வந்து நின்று, "குழிக்கு நேரா குழி வைக்காதடா, இட்லி நசுங்கும், மாத்தி மாத்தி வை" என்றார். வைத்தேன். சரியாக வந்தது. "அடுத்தது என்ன?" என்று கேட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். புட்டு வரைக்கும் ஆடினோம்.