தாழிக்காட்டுக்கு ஒரு டெண்டர்

பேரூராட்சிச் செயல் அலுவலர், நகராட்சிப் பொறியாளர், ஆட்சியர் அலுவலகத்தில் திட்டப் பிரிவைப் பார்ப்பவர் என யாராவது ஒருவர் மேசைக்கு என்றைக்காவது இந்தக் கோப்பு வந்து சேரும். கண்மாய் தூர்வாரும்போது ஜே.சி.பி. பல்லில் முதுமக்கள் தாழி சிக்கி உடைந்திருக்கும். மறுநாள் பேப்பரில் படம், அதற்கு மறுநாள் மேலிடத்திலிருந்து போன். கடைசியில் "தகுதியான ஆலோசகரைக் கொண்டு மேலாண்மைத் திட்டம் தயாரிக்கவும்" என்று ஒற்றை வரியில் உத்தரவு. சாலைக்கும் வடிகாலுக்கும் டெண்டர் விட்டுப் பழகிய கைக்கு இது புதிது. இதற்கு ஷெட்யூல் ரேட் கிடையாது, எஸ்டிமேட் மாதிரியும் கிடையாது. பக்கத்துப் பேரூராட்சியைக் கேட்டால் அவர்களும் உங்களைத்தான் கேட்பார்கள்.

உடனே ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பை டைப் செய்ய உட்காராதீர்கள். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அறிக்கை வந்த பிறகு அதை வாராவாரம் திறந்து பார்க்கப்போவது யார்? மனைப்பிரிவுக் கோப்புகளைப் பார்க்கும் உதவியாளரா, வருவாய் ஆய்வாளரா, தூர்வாரும் வேலைக்கு மதிப்பீடு போடும் ஓவர்சியரா? அந்த ஆளைத் தீர்மானித்துவிட்டால் ஆலோசகரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதில் பாதி தானாகத் தெளிந்துவிடும். தீர்மானிக்காமல் கிளம்பினால், பளபள அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்று வரும். திறப்பு விழா மாதிரி அதை வாங்கி, போட்டோ எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டலாம்.

காசில்லாத வேலை முதலில்

வி.ஏ.ஓ.வையும் சர்வேயரையும் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுங்கள். கையில் அ-பதிவேட்டு நகலும் புலப்படமும் இருக்கட்டும். "இங்கே தொல்லியல் தளம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "பாண்டவர் குழி எங்கே? ஓடு ஓடாக் கெடக்குமே, அந்த மேடு எது?" என்று கேளுங்கள். ஆடு மேய்க்கிற பெரியவர் நேரே கொண்டுபோய் நிறுத்துவார். பார்த்த ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று விவரம் போதும்: சர்வே எண் என்ன, பட்டாவா புறம்போக்கா, இப்போது அங்கே என்ன நடக்கிறது. வாழை போட்டிருக்கலாம், கிராவல் எடுத்துக்கொண்டிருக்கலாம், வீட்டுமனைக்குக் கல்லே ஊன்றியிருக்கலாம். கல்வட்டத்தில் ஒரு கல் குறைந்தால் பக்கத்துக் கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, எது யார் பொறுப்பு என்று பிரியுங்கள். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் 1958-ஆம் ஆண்டுச் சட்டம். 2010 திருத்தத்துக்குப் பிறகு அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. கட்டுமான அனுமதிக்கு தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையம் வரை போக வேண்டும். மாநில அரசு பாதுகாத்தது என்றால் 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டமும் மாநிலத் தொல்லியல் துறையும். இரண்டு பட்டியலிலும் இல்லாதவை மூன்றாவது வகை. கரட்டோரக் கல்வட்டம், கண்மாய்க்குள் கிடக்கும் தாழிக்காடு, வயல் வரப்பில் சாய்ந்த நடுகல் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் வரும். ஆலோசகருக்குக் கொடுக்கிற பணத்தின் பெரும்பங்கு இந்த மூன்றாவது வகைக்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சும்மா விட்டால் அவர் ஊர்ப் பெரிய கோயிலைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுவார். அதைப் பற்றி எழுத நூலகத்திலேயே எல்லாம் கிடைக்கும், வெயிலில் நடக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே காவலாளியும் நீலப் பலகையும் உள்ள இடத்துக்கு உங்கள் பொதுநிதி எதற்கு?

மன்றக் கூட்டத்தில் "இது நம்ம வேலையா?" என்று ஓர் உறுப்பினர் கட்டாயம் கேட்பார். அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆம் அட்டவணையில், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் பண்பாடு, கல்வி, அழகியல் சார்ந்தவற்றை வளர்ப்பதும் ஒன்று. தீர்மானத்தின் முகப்புரையிலேயே இதைச் சேர்த்துவிடுங்கள். தணிக்கையின்போதும் கைகொடுக்கும்.

பணி வரையறை

இங்கேதான் பெரும்பாலான கோப்புகள் கவிழ்கின்றன. வழக்கமாக எழுதுவது இப்படி: "பேரூராட்சியின் வளமான பாரம்பரியத்தைப் பேணிக் காக்க ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம் தயாரித்தல்." இதற்கு யாரும் எதையும் எழுதித் தரலாம். வாங்கிய பிறகு குறை சொல்லவும் உங்களுக்கு இடமில்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்: "இணைப்பு 1-இல் உள்ள இடங்களையும் கள ஆய்வில் புதிதாகத் தெரியவரும் இடங்களையும் சர்வே எண் வாரியாகப் பதிவு செய்தல், ஒவ்வொன்றின் முக்கியத்துவம், இன்றைய நிலை, உடனடி ஆபத்து ஆகியவற்றை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுதல், அடுத்த 12 மாதங்களில் எந்த அலுவலர், எந்த நிதித் தலைப்பில், என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணை தருதல்." பக்க உச்சவரம்பு வைக்கத் தயங்காதீர்கள். பக்கம் கூடினால்தான் காசுக்கு வேலை நடந்தது என்று நினைக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் இருக்கிறது. ஆலோசகர்களுக்கும் அது தெரியும்.

வேலையின் வரிசையும் வரையறையிலேயே இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற சுரங்க ஊரில் 1979-இல் ஏற்றுக்கொண்ட பர்ரா சாசனம்தான் இந்தத் துறையில் இன்றும் கைவிளக்கு. ஓர் இடம் ஏன் முக்கியம் என்று முதலில் புரிந்துகொள், பிறகு கொள்கை வகு, அதன்பின் அன்றாடப் பராமரிப்பைத் திட்டமிடு என்பதே அதன் சாரம். ஜேம்ஸ் கெர் 1982-இல் எழுதிய சிறிய கையேடு ஒன்று இதையே செய்முறையாக்கியது. நம் பக்கம் வரிசை தலைகீழ். முதலில் சுற்றுச்சுவர், பிறகு எல்.இ.டி. விளக்கு, பிறகு செல்ஃபி பாயின்ட், நேரமிருந்தால் ஆய்வு. தாழிக்காட்டில் சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரம் தோண்டுவதே முதல் சேதமாக முடியும் என்பதை ஆலோசகர் சொல்வதற்குள் பில் பாஸ் ஆகியிருக்கும்.

இன்னொரு ஷரத்து: ஆலோசகர் தோண்டக் கூடாது. "ஒரே ஒரு சோதனைக் குழி போட்டுப் பார்த்துடலாம் சார்" என்று உற்சாகமாகக் கேட்பார்கள். அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறை வழியாகத் தனி அனுமதி வேண்டும். உங்கள் பணி ஆணை அந்த அனுமதி ஆகாது. மேற்பரப்பு ஆய்வு, அளவை, படம், மக்களிடம் விசாரிப்பு, இவ்வளவுதான் வேலை. ஆய்வின்போது ஏதாவது பொருள் தட்டுப்பட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதிவையுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது 10 ரூபாய் மதிப்புக்கு மேல் என்றால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். இன்றைக்கு 10 ரூபாய்க்குக் கீழே என்ன கிடைத்துவிடப் போகிறது!

கிடைக்கிற பொருள் எங்கே போகும் என்பதற்கும் திட்டத்தில் பதில் வேண்டும். ஊர்க்கூட்டத்தில் முதலில் எழும் கேள்வியே இதுதான், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டி எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அந்த 114 ஏக்கர் பரம்பைச் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள் தங்கள் முன்னோரின் தாழிகளைப் பார்க்க ரயில் ஏற வேண்டியிருந்தது. தளத்திலேயே பொருள்களைக் காட்ட ஏற்பாடு வந்தது 2023-இல்தான். கீழடிக்கு அருங்காட்சியகம் திறந்ததும் அதே ஆண்டு. உங்கள் பேரூராட்சிக்கு அருங்காட்சியகம் கட்ட வசதி இருக்காது, தேவையும் இல்லை. அரசுப் பள்ளியில் பூட்டுள்ள ஓர் அறை, துறை அங்கீகரித்த பொருள் பதிவேடு, பொறுப்புக்கு ஓர் ஆசிரியர். இது சட்டப்படி முடியுமா, துறை ஒப்புக்கொள்ளுமா என்று விசாரித்து எழுதித் தருவது ஆலோசகரின் வேலை.

ஹம்பியைப் பாருங்கள்

திட்டம் இல்லாமல் போனால் என்ன ஆகும், இருந்தும் போதாமல் போனால் என்ன ஆகும், இரண்டுக்கும் ஒரே ஊர் சாட்சி. ஹம்பி 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. வளாகத்துக்குள் கட்டிக்கொண்டிருந்த தொங்குபாலங்களால் 1999-இல் யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் ஏறியது. சின்னங்களைப் பார்த்துக்கொள்ளத் துறை இருந்தது. பாலம் போட வேறொரு துறை இருந்தது. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் ஆளில்லை. 2002-இல் கர்நாடக அரசு தனிச் சட்டம் போட்டு மேலாண்மை ஆணையம் அமைத்தது. டெல்லியின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியைச் சேர்ந்த நளினி தாக்கூரிடம் ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு போனது. கோயில்களோடு வயல், வாய்க்கால், குடியிருப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த திட்டம் அது. 2006-இல் ஹம்பி ஆபத்துப் பட்டியலிலிருந்து இறங்கியது. சர்ச்சைக்குரிய அந்தப் பாலங்களில் ஒன்றான ஆனேகுந்திப் பாலம் முடிவடையாமலே 2009 ஜனவரியில் இடிந்து விழுந்தது, தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அதோடு தீரவில்லை. 2011 ஜூலையில் விருபாட்சர் கோயில் முன்னுள்ள பழைய கடைவீதி மண்டபங்களில் குடியிருந்தவர்களும் கடை வைத்திருந்தவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். மாற்று இடம், இழப்பீடு என்று பிரச்சினை நீண்டது. உங்கள் வரையறையில் இதற்கு இடம் இருக்க வேண்டும்: தளத்தின் மேலோ ஓரத்திலோ பிழைப்பு நடத்துகிறவர்கள் யார், திட்டத்தால் அவர்களுக்கு என்ன நட்டம், அதற்கு என்ன மாற்று. இதை எழுதாத வரைவைத் திருப்பி அனுப்புங்கள். பட்டா நிலத்தில் தாழி இருக்கிறது என்று தெரிந்ததும் நிலம் போய்விடும் என்று பயந்து, ராவோடு ராவாக உழுது அழிக்கிற விவசாயியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

ஆளைப் பிடிப்பது

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கு 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் பொருந்தும். குறைந்த விலைக்கே கொடுத்துப் பழகிவிட்டோம். அறிவுழைப்பில் அது ஆபத்து. அரைவிலை கேட்பவர் களத்துக்கு அரைநாள்தான் வருவார். தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டாகக் கேட்டு, தகுதிக்குரிய குறைந்தபட்ச வரம்பைக் கறாராக வையுங்கள். வரம்பைத் தாண்டியவரின் விலை உறையை மட்டும் பிரியுங்கள். காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் 2015-இல் மத்திய அரசின் பாரம்பரிய நகரங்களுக்கான ஹிருதய் திட்டத்தில் இருந்த 12 நகரங்களில் உண்டு. அங்கே பழைய ஆவணங்கள் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், மாதிரிக்கு உதவும்.

குழுவில் யார் யார் வேண்டும் என்பது ஊரைப் பொறுத்தது. இரும்புக்காலத் தளங்களில் களப்பணி செய்த தொல்லியலாளர் ஒருவர், அளவையும் ஜி.ஐ.எஸ்.ஸும் தெரிந்த ஒருவர், மக்களிடம் பேசத் தெரிந்த ஒருவர் கட்டாயம். கல்வெட்டு இருந்தால் அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். கட்டடமே இல்லாத ஊரில் பாதுகாப்புக் கட்டடக்கலைஞரைத் தலைவராகப் போட்டு வருகிற விண்ணப்பத்தை ஓரம் வையுங்கள்.

இந்தத் தொழிலில் ஒரு பழைய தந்திரம் உண்டு. விண்ணப்பத்தில் ஓய்வுபெற்ற பெரிய பேராசிரியரின் பயோடேட்டா இருக்கும். வேலை தொடங்கியதும் நேற்றுப் படிப்பு முடித்த இரண்டு பிள்ளைகள் பைக்கில் வந்து இறங்குவார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. பெரும்பாலும் நன்றாகவே உழைப்பார்கள். ஆனால் யாருடைய பேருக்குப் பணம் கொடுத்தீர்களோ அவர் எத்தனை நாள் களத்தில் நிற்பார் என்று ஒப்பந்தத்தில் நாள் கணக்கோடு எழுதுங்கள். ஆளை மாற்றினால் உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

பவர்பாயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களைத் தாழிக்காட்டுக்கு நடத்திக் கூட்டிப்போங்கள். காலடியில் கிடக்கும் கருப்பு-சிவப்பு ஓட்டைப் பார்த்து ஒருவர் எங்கே குனிகிறார், எடுத்த ஓட்டை அதே இடத்தில் வைக்கிறாரா பைக்குள் போடுகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். அவர் முன்பு அறிக்கை எழுதிக் கொடுத்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "அந்த ரிப்போர்ட்டை இப்போ எடுக்க முடியுமா சார்?" என்று கேளுங்கள். தேடி எடுக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

பில்லும் அதற்குப் பிறகும்

முழுப் பணத்தையும் இறுதி அறிக்கைக்குக் கட்டிவைத்தால் ஆலோசகர் அறிக்கையை நோக்கியே ஓடுவார். நான் பரிந்துரைக்கும் பங்கு: தொடக்கத்துக்கு 10 சதவீதம், களப் பதிவேடு முழுமையானதும் 40, வரைவை ஊர்க்கூட்டத்தில் வைத்துக் கருத்துக் கேட்ட பிறகு 20, இறுதி அறிக்கைக்கு 15. மிச்சம் 15 ஆறு மாதம் கழித்து, அட்டவணையின் முதல் வேலைகளைத் தொடங்க உடனிருந்து உதவிய பிறகு. ஜி.எஸ்.டி. உள்ளடங்கலா, தனியா என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுங்கள். கடைசி பில்லில் தகராறு வருவது இதில்தான்.

பி.டி.எஃப். மட்டும் வாங்காதீர்கள். ஜி.ஐ.எஸ். கோப்புகள், அசல் படங்கள், ட்ரோன் பதிவுகள், களக் குறிப்பேட்டு ஸ்கேன் எல்லாம் பேரூராட்சிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பொதுமக்களுக்கு வெளியிடும் பதிப்பில் பாதுகாப்பற்ற தளங்களின் துல்லிய ஆயத்தொலைவுகளை எடுத்துவிடுங்கள். புதையல் தேடி இரவில் கடப்பாரையோடு வருகிறவர்களுக்கு நாமே வழிகாட்ட வேண்டியதில்லை.

அறிக்கை கைக்கு வந்த வாரத்திலேயே சர்வே எண் பட்டியலை மட்டும் தனித்தாளில் எடுத்து, தாசில்தாருக்கும் கனிமவளத் துறைக்கும் மனைப்பிரிவு அனுமதி தரும் அலுவலகத்துக்கும் முகப்புக் கடிதத்தோடு அனுப்புங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கு முழு அறிக்கையும் போகட்டும். தூர்வாரும் மதிப்பீடு போடும் ஓவர்சியரிடம் அந்தத் தாளைக் கையில் கொடுத்து, எந்தச் சர்வே எண்ணில் வண்டி இறங்கக் கூடாது என்று சிவப்பு மையில் வட்டமிட்டுக் காட்டுங்கள். தூர்வாரும் பணித்தளப் பொறுப்பாளருக்கும் ஒரு நகல், அதன் கீழே உங்கள் செல் நம்பர்.