கடன் தகவலும் அங்கத்தினர் உரிமையும்

கடன் சங்கத்தை நம் முன்னோர் ‘நாணயச் சங்கம்’ என்று வழங்கினர். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தோன்றிய கிராமச் சங்கங்கள் பெரும்பாலும் வரம்பற்ற பொறுப்பு உடையவை. ஒருவர் வாங்கிய கடன் தவணை தவறினால் அது மற்றவர் தலையிலும் வந்து விழும். ஆகவே யாருக்கு எத்தனை ஏக்கர் நிலம், எங்கே கைமாற்று, எவருக்கு ஜாமீன் என்பனவற்றைப் பஞ்சாயத்தார் விசாரித்து அறிந்த பின்னரே கடன் மனுவில் கையொப்பமிட்டனர். அந்தச் செய்திகள் யாவும் சங்கப் பதிவேட்டில் அடங்கின. பதிவேடு ஊரில் இருந்தது. அதில் ஒரு வரி பிழையாக ஏறியிருந்தால் காரியதரிசியிடம் சென்று முறையிட்டு அன்றே திருத்திக்கொள்ள முடிந்தது.

இன்றும் நாணயத்தின்மேல்தான் கடன் நடக்கிறது. ஆனால் அதற்குரிய பதிவேடு ஊரில் இல்லை. 2000-ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கப்பெற்ற சிபில் என்னும் நிறுவனமும், பின்னர் வந்த ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் ஆகிய மூன்றும் அப்பதிவேட்டை வைத்திருக்கின்றன. இவை கடன் தகவல் நிறுவனங்கள் எனப்படும். இவற்றை நெறிப்படுத்த 2005-ல் ஒரு மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. ஊர் மக்கள் நான்கையும் சேர்த்துச் ‘சிபில்’ என்றே சொல்லிவிடுகின்றனர்.

இச்சொல் நம் பயிரிடுவோர் காதில் பலமாக விழுந்தது 2025-ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு மே மாதத்தில், கூட்டுறவுச் சங்கங்கள் பயிர்க்கடன் வழங்கும்போது சிபில் அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்று கூட்டுறவுத் துறையின் சுற்றறிக்கை வெளியாயிற்று. விவசாயிகள் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. மதிப்பெண்ணைக் கொண்டு எவருக்கும் கடன் மறுக்கப்படமாட்டாது என்றும், ஒருவரே வேறு வங்கியிலும் பயிர்க்கடன் நிலுவை வைத்திருக்கிறாரா என்பதைத் தெரிந்துகொள்வதே நோக்கம் என்றும் அரசின் தரப்பில் பின்னர் விளக்கம் அளிக்கப்பட்டது. சின்னசேலம் வட்டாரத்தில் மக்காச்சோளத்துக்கும் மரவள்ளிக்கும் கரும்புக்கும் சங்கக் கடனை நம்பியிருக்கும் குடும்பங்கள் பல. ஆகவே இந்த விவகாரம் அடங்கிவிட்டது என்று எண்ணி நாம் வாளாவிருத்தல் ஆகாது. அறிக்கை ஒன்று இருக்கிறது, அதை இன்று ஒருவர் பார்க்கிறார், நாளை வேறொருவர் பார்ப்பார் என்பது நிலைத்துவிட்டது.

அந்த அறிக்கையில் என்ன இருக்கும்? பெயர், முகவரி, பான் எண், தொலைபேசி எண். எந்த வங்கியில் எவ்வகைக் கடன், எத்தனை ரூபாய், எந்த மாதத் தவணை எத்தனை நாள் தாமதம். கடந்த காலத்தில் எந்தெந்த நிறுவனம் அவ்வறிக்கையைக் கேட்டு வாங்கியது என்ற பட்டியல். இவற்றிலிருந்து 300 முதல் 900 வரையுள்ள ஒரு மதிப்பெண்ணைக் கணக்கிடுகின்றனர். நெசவாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் நெசவாளர் முத்ரா கடனை ஒழுங்காகச் செலுத்தி வருகிறார். மைத்துனருடைய இருசக்கர வாகனக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டிருக்கிறார். மைத்துனர் மூன்று தவணை தவறினால், அத்தவறு ஜாமீன்தாரர் என்ற முறையில் இவருடைய அறிக்கையிலும் ஏறும். சங்கத்தில் ஜாமீன் கையெழுத்தை உறவுமுறைக்குச் செய்யும் மரியாதையாகக் கருதுவோர் இதை மனத்திற் கொள்ள வேண்டும். ஒருமுறைத் தீர்வில் வட்டியைக் குறைத்துக் கட்டி முடித்த கடனும் ‘முழுதும் செலுத்தப்பட்டது’ என்று எழுதப்படுவதில்லை. ‘சமரசமாகத் தீர்க்கப்பட்டது’ என்னும் பொருள்படவே பதிவாகிறது. கடன் கொடுப்போர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை.

இதன் விளைவு கடனோடு நிற்பதில்லை. 2025-ல் சென்னை உயர்நீதிமன்றம், கடன் வரலாறு சரியில்லை என்ற காரணத்தால் பாரத ஸ்டேட் வங்கி ஒருவருடைய வேலை நியமனத்தை ரத்துச் செய்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. மகனையும் மகளையும் வங்கித் தேர்வுக்குப் படிக்கவைக்கும் அங்கத்தினர் இச்செய்தியை அறிந்திருத்தல் நலம்.

இத்தகவல் வெளியே போகாமல் தடுக்க இயலுமா என்று பலர் வினவுகின்றனர். முற்றிலும் இயலாது என்பதே நேர்மையான விடை. வங்கிகளும், கூட்டுறவு வங்கிகள் உட்பட, கடன் நிறுவனம் என்ற முறையில் தகவல் கொடுத்தே தீர வேண்டும் என்பது சட்டம். மாதமொருமுறை கொடுத்து வந்தது, 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று ஆயிற்று. அமெரிக்காவில் ஒருவர் தம் அறிக்கையைப் பிறர் பார்க்காதபடி பூட்டிவைக்கும் உரிமை உண்டு. 2017-ல் அங்கே ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. அதற்கு அடுத்த ஆண்டில் இப்பூட்டு கட்டணமின்றிக் கிடைக்கும்படி சட்டம் செய்யப்பட்டது. நம் நாட்டுச் சட்டத்தில் அத்தகைய பூட்டு இல்லை. வேண்டும் என்பது நம் கருத்து. கூட்டுறவு மாநாடுகளில் தீர்மானம் நிறைவேற்றும் அன்பர்கள் இதையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் தகவல் போவது வேறு, அதைப் பிறர் எடுப்பது வேறு. எடுப்பதற்கு வரம்பு உண்டு. கடன் நிறுவனங்கள், கடன் தகவல் நிறுவனங்கள், விதிகளிற் குறிப்பிட்ட காப்பீட்டு நிறுவனம், செல்போன் நிறுவனம் போன்ற சிலர் தவிர மற்றவர்க்கு அத்தகவல் தரப்படலாகாது. உரிமையின்றி எடுப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இடமளிக்கிறது. உரிமையோடு எடுப்பவரோ, பெரும்பாலும் நம்முடைய சம்மதத்தைக் காட்டியே எடுக்கின்றனர். அந்தச் சம்மதம் நாம் படிக்காமல் கையொப்பமிட்ட படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அல்லது செல்போனில் வந்த ஆறு இலக்க எண்ணை முன்பின் அறியாதவரிடம் சொன்ன அந்த நிமிஷத்தில் நிகழ்ந்திருக்கும். நம் கையில் உள்ள மதகு இதுதான்.

முக்கியமாக எச்சரிக்க வேண்டியது ‘உங்கள் மதிப்பெண்ணை இலவசமாகப் பாருங்கள்’ என்று அழைக்கும் செயலிகளைப் பற்றி. அவை யாவும் தீயவை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் இலவசமாகக் காட்டுவதன் விலையாக, நம் அறிக்கையை எடுக்கவும் கடன் விற்போர்க்குக் கொடுக்கவும் சம்மதம் வாங்கிக்கொள்வன அவற்றுள் உண்டு. மறுநாள் முதல் ‘கடன் வேண்டுமா?’ என்று ஓயாது தொலைபேசி ஒலித்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. செயலி வழிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்த நெறிப்படி, செல்போனில் உள்ள தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் படங்களையும் கடன் செயலி தொடலாகாது. கொடுத்த சம்மதத்தைக் கடனாளி திரும்பப் பெறலாம். தம் விவரத்தை அழிக்கும்படியும் கேட்கலாம். இவற்றைக் கேட்கும் செயலியை அப்பொழுதே நீக்கிவிடுவது உத்தமம்.

மதிப்பெண்ணைப் பார்க்க இச்செயலிகளை நாட வேண்டிய அவசியமே இல்லை. நான்கு நிறுவனங்களும் தனித்தனியே ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள உத்தரவு. நாம் சொல்லும் யோசனை இது: தை மாதத்தில் ஒரு நிறுவனம், சித்திரையில் மற்றொன்று, ஆடியில் மூன்றாவது, ஐப்பசியில் நான்காவது என்று முறைவைத்துக் கேட்டால், செலவின்றி மூன்று மாதத்துக்கொருமுறை நம் கணக்கை நாமே தணிக்கை செய்யலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. இதுபற்றி வீண் அச்சம் பலரிடம் இருக்கிறது. பார்க்கும்போது கடன் பகுதியோடு, யார் யார் அறிக்கையை எடுத்தனர் என்ற பட்டியலையும் கவனிக்க வேண்டும். நாம் மனுச் செய்யாத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், நம் பான் எண்ணும் ஆதார் நகலும் எங்கோ கைமாறியிருக்கக் கூடும்.

அறிக்கையை ஒரு கடன் நிறுவனம் எடுத்தால் நமக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. பதிவில் நம் செல்போன் எண் சரியாக இருந்தால்தான் இச்செய்தி வந்து சேரும். எண்ணை மாற்றிவிட்டு வங்கிக்குச் சொல்லாதவர்கள் நம் பகுதியில் ஏராளம். சிலருக்கு வங்கிக் கணக்கில் இருப்பது பக்கத்து வீட்டுப் பையனின் எண்!

பிழை கண்டால் அறிக்கை தந்த நிறுவனத்துக்கோ, தகவல் கொடுத்த வங்கிக்கோ எழுத்து மூலம் முறையிட வேண்டும். முப்பது நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதற்குப் பிற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈட்டுத்தொகை தரவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. ஆகையால் முறையீட்டின் நாளும் எண்ணும் குறித்த ரசீது கையில் இருப்பது அவசியம். அதன் பின்னும் பலன் கிட்டாவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்லுவார்கள். கடன் வரலாறே இல்லாத புதியவர்க்கும் ஒரு செய்தி உண்டு: வரலாறு இல்லை என்பதை மட்டும் காட்டி முதல் முறை கேட்பவரின் மனுவைத் தள்ளலாகாது என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது.

சங்கங்களின் கடமையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கடன் மனுவோடு வாங்கிய ஆதார், பான் நகல்கள் திறந்த அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடப்பது எங்கும் காணும் காட்சி. ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் ‘இன்ன கடனுக்கு மட்டும்’ என்று தேதியுடன் அங்கத்தினர் கையாலேயே எழுதி வாங்குதல் வேண்டும். அறிக்கையை எடுப்பதற்கான சம்மதப் படிவம் தமிழில், கடன் மனுவிலிருந்து தனித்தாளாக அச்சிடப்படுதல் வேண்டும். எந்தக் கடனுக்கு, எந்தத் தேதி வரை என்ற இடங்களை நிரப்பாமல் கையெழுத்து வாங்கலாகாது. எழுதப்படிக்கத் தெரியாத அங்கத்தினருக்கு, சிறப்பாகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருவோருக்கு, அதனை வாசித்துக் காட்டிய பின்பே கைரேகை பெற வேண்டும். எடுத்த அறிக்கையின் பிரதி ஒன்று அவரிடமே கொடுக்கப்படட்டும். நிர்வாகக் குழு உள்ள சங்கத்தில் குழுவும், இல்லாத இடத்தில் தனி அலுவலரும், அடுத்த பயிர்க்கடன் பருவம் தொடங்குமுன் இப்படிவத்தை அச்சிட்டுத் தயாராக வைத்துக்கொள்ளலாம். ஒரு தாள்தான், செலவும் சொற்பம்.