திமோர்-லெஸ்தே: கூட்டம் சேருமுன் செல்வோருக்கு

இந்தோனேசியத் தீவுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே, திமோர் தீவின் கிழக்குப் பகுதியில் அமைந்த திமோர்-லெஸ்தே, பாலியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான விமானத் தொலைவில் இருந்தும், பாலியில் திரளும் பயணிகளில் மிகச் சிறு பகுதியினரைக்கூட இன்னும் காணாத நாடாகும்.

அங்கே செல்வோர் செய்யும் பெரும்பிழை, தொலைவைக் கிலோமீட்டரில் அளந்து நாட்களை நெருக்கமாக அடுக்கிக்கொள்வதாகும். 1999 ஆகஸ்ட் 30 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் விடுதலையைத் தேர்ந்ததும், அதை எதிர்த்த ஆயுதக் குழுக்களும் வெளியேறிய இந்தோனேசியப் படையினரும் நாட்டின் கட்டடங்களில் பெரும்பகுதியை எரித்துத் தகர்த்ததால், 2002 மே 20 அன்று முழு விடுதலை பெற்ற நாடு ஏறக்குறைய எல்லாவற்றையும் அடித்தளத்திலிருந்தே கட்ட வேண்டியதாயிற்று. மலைச்சாலைகள் சில இன்றும் கரடுமுரடானவை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மழைக்காலத்தில் மண்சரிவால் அறுபடுபவை. ஆகவே மழை ஓய்ந்த மே மாதத்துக்குப் பிறகு செல்வதும், மலைப்பகுதியில் ஒவ்வோர் இரண்டு நாளுக்கும் ஒரு நாளை உபரியாக வைப்பதும், திரும்பும் விமானத்துக்கு ஒரு முழுநாள் முன்னதாகவே தலைநகர் திலியை வந்தடைவதும் தவிர்க்கக்கூடாத முன்னேற்பாடுகள். 3,000 மீட்டரை நெருங்கும் ராமெலாவு சிகரத்தில் விடியலைக் காண விரும்புவோர், அடிவாரத்து ஹத்துபுய்லிகோ ஊரில் இரவு தங்க வேண்டியிருப்பதால், வெப்பமண்டல நாடுதானே என்று எண்ணாமல் கம்பளி உடையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

புழக்கத்திலுள்ள தாள் பணம் அமெரிக்க டாலர். சில்லறை மட்டும் சென்டாவோ எனப்படும் அந்நாட்டு நாணயம். பணம் எடுக்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் திலியிலேயே இருப்பதாலும், கிழிந்த பழைய தாள்களைக் கடைக்காரர் வாங்கத் தயங்குவதாலும், மலையேறுமுன் தூய்மையான சிறு தாள்களைச் சேர்த்துக்கொள்வது நலம். நாணயத்துக்கு மற்றொரு பயனும் உண்டு: திலியில் ஓடும் மைக்ரோலெட் என்னும் சிறு பயணி வண்டியில் இறங்குமிடம் வந்ததும், பயணிகள் கையிலுள்ள காசால் இரும்புக் கம்பியைத் தட்டுவர், அந்த ஒலியே ஓட்டுநருக்கு அறிவிப்பு. கடும் நோய்க்கு வெளிநாட்டுக்கே கொண்டுசெல்ல வேண்டிவரலாம் என்பதால், அச்செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு இன்றியமையாதது.

இவற்றினும் முதன்மையானது லூலிக் என்னும் கருத்தைப் புரிந்துகொள்வதாகும். தெத்தும் மொழியில் இச்சொல் புனிதமானது, தொடக்கூடாதது என்னும் இரு பொருளையும் ஒருங்கே தரும். மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கராயினும், மரம், சுனை, குன்று, உயர்ந்த கூரையுடைய குலவீடு ஆகியவற்றில் லூலிக் இன்றும் நிலைபெற்றுள்ளது. குறிப்பிட்ட காட்டிலோ கடற்பகுதியிலோ மரம் வெட்டவும் மீன் பிடிக்கவும் ஊரார் கூடி விதிக்கும் மரபுத் தடை தாரா பண்டு எனப்படும். அத்தாவ்ரோ தீவில் இம்முறையால் காக்கப்படும் பவளப்பாறைகளைக் காண வருவோரிடம் சில ஊர்கள் சிறு கட்டணம் பெறுகின்றன. அதைப் பேரம் பேசாமல் கொடுப்பதே முறை. ஊருக்குள் நுழைகையிலும் முதியோரைக் கடக்கையிலும் சற்றுக் குனிந்து 'கொலிசென்சா', அதாவது 'அனுமதியுங்கள்' என்று சொல்லும் பழக்கத்தைப் பயணத்துக்கு முன்பே கற்றுக்கொள்வது, எந்த வழிகாட்டி நூலினும் மிகுந்த பயன் தரும். தீவே ஒரு முதலையின் உடலிலிருந்து தோன்றியது என்னும் தொன்மத்தால் முதலையை மக்கள் பாட்டன் என அழைக்கின்றனர். அவ்விலங்கு கரையோரங்களில் மெய்யாகவே உலவுவதால், ஊராரைக் கேளாமல் எந்த நீரிலும் இறங்கலாகாது.

கிழக்குக் கோடியில் துத்துவாலாவுக்கு அப்பாலுள்ள ஜாகோ தீவு முழுவதுமே லூலிக் நிலமாகும். மீனவர் தம் படகில் பகலில் அங்கே அழைத்துச் சென்று மாலைக்குள் கரை சேர்த்துவிடுவர். அங்கே இரவு தங்க எவருக்கும் அனுமதியில்லை.