பூமாவைக் கொன்றது யார்?



போன மாதம் நம்ம மைதானத்து முள்வேலி ஓரமாக ஒரு கீரிப்பிள்ளை செத்துக் கிடந்ததே, ஞாபகம் இருக்கா? இன்டர்வல் பெல் அடித்ததும் பாதிப் பள்ளிக்கூடம் அங்கேதான் நின்றது. ஒருத்தன் குச்சியால் குத்திப் பார்த்தான். நான் ஒரு படி மேலே போய், வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

அதைப் பார்த்துவிட்ட அறிவியல் சார் என்னைத் திட்டவில்லை. சோப்பு கொடுத்து நன்றாகக் கை கழுவச் சொன்னார். அப்புறம் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சம்பவம் சொன்னார். கதை இல்லை, நிஜமாக நடந்தது. அதையும், அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

நடந்தது என்ன?

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் என்று ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள காட்டில் பூமாக்கள் வாழ்கின்றன. பூமா என்றதும் ஷூ ஞாபகம் வருதா? அந்த ஷூவில் தாவுகிற மிருகமேதான்! பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கிட்டத்தட்ட நம்ம சிறுத்தை அளவு இருக்கும். மலைச் சிங்கம் என்றும் சொல்வார்கள்.

அந்தப் பூமாக்களின் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, அவை எங்கே போகின்றன, எப்படி வாழ்கின்றன என்று ஆராய்ந்து வந்தார் ஒரு வனவிலங்கு உயிரியலாளர். 2007 அக்டோபர் கடைசியில் ஒரு பூமாவின் பட்டையிலிருந்து 'அசைவில்லை' என்ற சிக்னல் வந்தது. தேடிப் போனார். பூமா செத்துக் கிடந்தது. எதனால் செத்தது என்று கண்டுபிடிப்பதற்காக அதை எடுத்து வந்து, தன் வீட்டுக் கார் ஷெட்டில் வைத்து, அக்டோபர் 27 அன்று அறுத்துப் பார்த்தார். முகமூடி மாதிரியான பாதுகாப்பு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. இருமலில் ரத்தம் வந்தது. நவம்பர் 2 அன்று அவருடைய வீட்டுக்குள் அவரைப் பிணமாகத்தான் பார்த்தார்கள்.

அவருடைய உடலையும் பூமாவின் திசுக்களையும் சோதித்தார்கள். இரண்டிலும் ஒரே பாக்டீரியா! பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, இது மனிதரிடமிருந்து எடுத்தது, இது பூமாவிடமிருந்து எடுத்தது என்று பிரித்துச் சொல்லவே முடியவில்லை. அதன் பெயர் யெர்சினியா பெஸ்டிஸ். அதாவது, பிளேக் கிருமி.

பிளேக்கா? அது எலி நோய் ஆச்சே!

எனக்கும் இதே சந்தேகம்தான் வந்தது. பிளேக் நம்ம நாட்டுக்குப் பழைய பகையாளி. 1896-ல் பம்பாயில் பரவியது. கோயம்புத்தூரில் 'பிளேக் மாரியம்மன்' கோயில்களே இருக்கின்றன. 1994-ல் சூரத் நகரத்தில் பிளேக் வந்தபோது பயந்துபோய் ஊரைக் காலி செய்தவர்கள் ஏராளம். ஆனால் பூமாவுக்கு எப்படி வரும்?

1894-ல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் என்பவர் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். எலி, அணில் போன்ற கொறித்துத் தின்னும் பிராணிகளின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் இதைப் பரப்புகிறது. கிருமி தெள்ளுப்பூச்சியின் குடலுக்குள் பெருகி, வழியையே அடைத்துவிடும். எவ்வளவு ரத்தம் குடித்தாலும் உள்ளே போகாது. பசி தாங்காமல் அது மறுபடி மறுபடி கடிக்கும். கடிக்கும்போது அடைத்திருந்த கிருமியைக் கடிபட்ட உடம்புக்குள் கக்கிவிடும்.

நோய் வந்த அணிலைப் பூமா பிடித்துத் தின்றாலோ, அதன் தெள்ளுப்பூச்சி பூமாவைக் கடித்தாலோ, பூமாவுக்கும் பிளேக் வந்துவிடும்.

இதில் இன்னொரு விஷயம். அமெரிக்காவில் முதலில் பிளேக்கே கிடையாது. 1900 வாக்கில் கப்பல் எலிகளோடு சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் வந்து இறங்கியது. அங்கிருந்து காட்டு அணில்களுக்குத் தொற்றியது. அதாவது, பூமாவுக்கு இந்த நோயைக் கொண்டுபோய்க் கொடுத்ததே மனிதர்கள் ஓட்டிய கப்பல்தான்! அதனால் பூமாவைக் குற்றவாளி என்று சொல்லாதீர்கள்.

நெறி கட்டவில்லை, ஏன்?

தெள்ளுப்பூச்சி கடித்து வரும் பிளேக்கில் தொடை இடுக்கிலோ அக்குளிலோ பெரிதாக நெறி கட்டும். உள்ளே நுழைந்த கிருமியை நம் நிணநீர் முடிச்சுகள் தடுக்கப் பார்ப்பதால் வரும் வீக்கம் அது. ஆனால் அந்த உயிரியலாளர் உடம்பில் நெறி எதுவும் கட்டவில்லை. நுரையீரல்தான் கெட்டுப் போயிருந்தது.

இதை வைத்தே கிருமி எந்த வழியாக நுழைந்தது என்று ஊகித்துவிட்டார்கள். அறுக்கும்போது பூமாவின் உடலிலிருந்த திரவம் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகத் தெறித்திருக்கிறது. அதை அவர் மூச்சோடு இழுத்திருக்கிறார். இதற்கு நுரையீரல் பிளேக் என்று பெயர். மூன்று வகைப் பிளேக்கில் மிகவும் மோசமானது இதுதான். சிகிச்சை தராவிட்டால் பிழைப்பது மிக அபூர்வம். இருமல் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்கும் தொற்றும்.

அதனால், அவருக்கு நோய் வந்த பிறகு அவரோடு நெருங்கிப் பழகிய 49 பேருக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தார்கள். ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை. நன்றாகக் கவனியுங்கள்: பிளேக் மருந்தில்லாத நோய் அல்ல. பாக்டீரியா என்பதால் ஆன்டிபயாடிக் நன்றாகவே கேட்கும். ஆனால் நேரத்தோடு கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் இது சாதாரணக் காய்ச்சல் மாதிரியே இருப்பதுதான் ஆபத்து.

ரேபிஸையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். ரேபிஸ் வைரஸால் வருவது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது.

காட்டின் ஒற்றர்கள்

ஓநாய்க்குச் சொந்தக்கார மிருகம் கொயோட்டி. இதற்குப் பிளேக் தொற்றினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகிவிடும். ஒரு கொயோட்டி ஏகப்பட்ட எலிகளையும் அணில்களையும் தின்கிறது இல்லையா? அதனால் ஒவ்வோர் அணிலாகப் பிடித்துச் சோதிப்பதற்குப் பதில், ஒரு கொயோட்டியின் ரத்தத்தைச் சோதித்தாலே அந்த வட்டாரத்தில் பிளேக் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நமக்காக வேலை பார்க்கிற ஒற்றன் மாதிரி!

பூனைக் குடும்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வீட்டுப் பூனைக்குக்கூடப் பிளேக் கடுமையாக வரும். ஆனாலும் எல்லாப் பூமாக்களும் சாவதில்லை. யெல்லோஸ்டோன் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. சோதித்த பூமாக்களில் ஏறத்தாழ பாதிக்கு ஏற்கெனவே பிளேக் தொற்றியிருந்த அடையாளம் ரத்தத்தில் இருந்ததாம்.

பாவம், கருங்கால் ஃபெரட்! பார்க்க நம்ம கீரி மாதிரி இருக்கும், ஆனால் வேறு குடும்பம். பிரெய்ரி நாய்தான் அதன் சாப்பாடு. பெயர்தான் நாய், உண்மையில் அது அணில் குடும்பம். பிளேக் வந்தால் பிரெய்ரி நாய்கள் கூட்டம் கூட்டமாகச் சாகும். ஃபெரட்டுக்குச் சாப்பாடும் போச்சு, உயிரும் போச்சு. இந்த இனமே அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, 1981-ல் வயோமிங் மாநிலத்தில் ஒரு வீட்டு நாய் ஒரு ஃபெரட்டைக் கவ்விக்கொண்டு வந்து போட்டதாம்! அதன் பிறகு மிச்சமிருந்தவற்றைத் தேடிப் பிடித்து வளர்த்தார்கள். இப்போது பிளேக் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றி வருகிறார்கள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

1. காட்டு மிருகம் எது செத்துக் கிடந்தாலும் வெறும் கையால் தொடாதீர்கள். குச்சியாலும் குத்தாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள், வனத்துறைக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள்.

2. தெரியாமல் தொட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

3. அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் "இந்த மிருகத்தைத் தொட்டேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. "சார், அந்தக் கீரிக்கும் பிளேக்கா?" என்று நான் கேட்டேன். "அது எதனால் செத்ததுன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதனாலதான் தொடக்கூடாது" என்றார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பூமாக்களைப் பற்றி எவ்வளவோ தெரிந்த அந்த ஆராய்ச்சியாளருக்கும், தன் பூமா எதனால் செத்தது என்பது மட்டும் அன்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் கத்தியை எடுத்தார். இதை எழுதும்போதும் எனக்கு அவர் ஞாபகம்தான்.

படித்துவிட்டீர்களா? விடை சொல்லுங்கள் பார்ப்போம்! (மேலே பார்க்கக் கூடாது)

1. பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவர் யார்? எந்த ஆண்டு?
2. தெள்ளுப்பூச்சி ஏன் மறுபடி மறுபடி கடிக்கிறது?
3. உயிரியலாளருக்கு ஏன் நெறி கட்டவில்லை?

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு