கை பேசும் மொழி

என் தமக்கையின் மகளுக்குப் பிறவியிலேயே செவி கேளாது. கையாட்டிப் பழகினால் வாய்ப்பேச்சு வராது என்று யாரோ சொன்னதை நம்பி, ஐந்தாண்டுகள் அவள் கையை அடக்கினோம், நானுந்தான். ஓரிரவு முழுதும் அழுதாள். கை காதருகே போகும்போதெல்லாம் வழக்கம்போல் பிடித்து இறக்கினோம். காதுவலி என்பதை மறுநாள் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம்.

நண்பர்களே, அந்த அறிவுரை மிகப் பழையது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்ததென்று சைகையைப் பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. 2010இல் வான்கூவரில் கூடியபோது அதே மாநாடு அத்தீர்மானங்களைக் கைவிட்டு வருந்தியது. இடையில் 1960இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஸ்டோக்கி, சைகையும் இலக்கணமுள்ள மொழியே என்று காட்டினார். கையின் வடிவம், இடம், அசைவு ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் பொருள் மாறும். நம் 'கல்', 'கால்' போல.

இந்தியச் சைகைமொழி நமக்கு அவ்வளவு அயலன்று. வினாச்சொல்லை ஆங்கிலம் முன்னே வைக்கும். சைகையிலோ, 'உன் பெயர் என்ன' என்று நாம் கேட்பதுபோல், அது இறுதியில் வரும். தில்லியில் 2015இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதியைக் காணொலியாகவே இணையத்தில் பார்க்கலாம்.

செவி கேளாக் குழந்தைகளுள் பெரும்பாலோருக்குப் பெற்றோர் செவி கேட்பவர்களே. ஆகவே குழந்தையின் மொழியைத் தாய்தான் முதலில் படிக்க வேண்டியிருக்கிறது. தமக்கை படிக்கிறாள், அத்தானுக்கு இன்னும் கூச்சம். சென்ற விடுமுறையில் நான் 'தண்ணீர்' என்று காட்டினேன். மருமகள் சிரித்துவிட்டு, என் விரல்களைப் பிடித்துச் சரியாக வைத்தாள்.