நோய்க்கு வரைபடம் போடுவது எப்படி?

மருத்துவ ஆய்வில் "எத்தனை பேருக்கு நோய்?" என்பது முதல் கேள்வி. "எங்கே?" என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் கணிதமே இடஞ்சார்ந்த புள்ளியியல். நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இக்கணிதம் என் தொழிலுக்கும் நெருங்கியது என்பதால், நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1854இல் லண்டன் பிராட் தெருப் பகுதியில் காலரா பரவியது. இறந்தவர்கள் எங்கே வசித்தார்கள் என்று டாக்டர் ஜான் ஸ்னோ விசாரித்தார். பின்னர் அவர் வெளியிட்ட வரைபடத்தில், இறப்புகள் ஓர் அடிபம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. தண்ணீரே காரணம் என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

ஆனால் புள்ளி வைத்தால் மட்டும் போதாது. திருப்பதியை எடுத்துக்கொள்வோம். பெரிய மருத்துவமனைகள் உள்ள ஊர். சுற்று வட்டாரமே அங்கு வருகிறது. சிகிச்சை பெற்ற இடத்தில் புள்ளி வைத்தால், திருப்பதிதான் நோய் மிகுந்த ஊர் என்று தோன்றும். சித்தூர்க்காரர்களோ காட்பாடி வழியாக வேலூருக்கும் போகிறார்கள். ஆந்திரப் பதிவேடுகளை மட்டும் பார்த்தால், எல்லையோரக் கிராமங்களில் நோயே குறைவு என்று தோன்றும். எனவே வசிக்கும் ஊரைக் குறித்து, அவ்வூர் மக்கள்தொகையால் வகுக்க வேண்டும்.

அங்கும் ஒரு சிக்கல் உண்டு. உதாரணமாக, 500 பேர் உள்ள கிராமத்தில் ஒருவருக்கு நோய் என்றால் லட்சத்துக்கு 200. 50,000 பேர் உள்ள ஊரில் 50 பேருக்கு என்றால் லட்சத்துக்கு 100. கிராமம் இரு மடங்கு மோசமா? அந்த ஒருவர் இல்லாவிட்டால் கணக்கு பூஜ்யமாகிவிடும்!

இதற்கு வழி, அக்கம்பக்கத்து ஊர்களிடம் கடன் வாங்குவது. மட்டம் தெரிந்த இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள நிலத்தின் மட்டத்தை நாங்கள் உத்தேசிப்பது போலத்தான் இதுவும். பக்கத்தில் உள்ளதற்கு மதிப்பு அதிகம். தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே, 1951இல் தங்கத் தாதுவை மதிப்பிட இவ்வழியில் முயன்றார். நோய்க் கணக்குக்கு ஏற்ற மாதிரியை 1991இல் பெசாக், யார்க், மோலியே ஆகியோர் தந்தனர். சிறிய ஊர் அதிகம் கடன் வாங்கும். பெரிய ஊர் கொஞ்சமே வாங்கும். ஆனால் அளவு மீறினால், ஒரே ஒரு கெட்ட கிணற்றால் வந்த நோய்கூட வரைபடத்தில் மறைந்துவிடும்.

எல்லையும் ஏமாற்றும். 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2011 கணக்கெடுப்பில் அம்மாவட்ட மக்கள்தொகை சுமார் 41.7 லட்சம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளிப் பகுதியும் பிரிந்தது. 2021ஆம் ஆண்டின் "சித்தூர்" நோயாளிகளை 2023ஆம் ஆண்டுடன் ஒப்பிட்டால், நோய் குறைந்தது போலத் தெரியும். குறைந்தது மாவட்டம்தான்! ஆகவே கிராமம், மண்டல் வாரியாகக் கணக்கு வைப்பதே நல்லது.

வரைபடம் காரணத்தைச் சொல்லாது. எங்கே தேட வேண்டும் என்று மட்டுமே காட்டும். அதுவும் நாம் தரும் விலாசம் சரியாக இருந்தால்தான். ஊரிலுள்ள பெற்றோரைத் திருப்பதிக்கோ வேலூருக்கோ சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும்போது, தங்கிய லாட்ஜின் விலாசத்தையோ உறவினர் வீட்டு விலாசத்தையோ எழுதாதீர்கள். அவர்கள் குடியிருக்கும் கிராமத்தின் பெயரை எழுதுங்கள். எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரி, அதே கிணற்றில் நீர் குடிக்கும் இன்னொருவரைக் காப்பாற்றக்கூடும்.