விடிகாலை ஐந்தரை மணி

மும்பை மாட்டுங்காவில் பல வருடங்களாகக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். தாராவியிலிருந்து நடந்தும் செம்பூரிலிருந்து பஸ் பிடித்தும் வரும் பிள்ளைகள், ஜூன் மாதம் பிறந்தால் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “சார், என்பிஏ டிராஃப்டில் நம்ம பையன் பேரு எப்போ வரும்?” நல்ல கேள்வி. நின்ற இடத்தில் பதில் சொல்லி முடியாது என்பதால் எழுதித் தருகிறேன்.

1. டிராஃப்ட் என்றால் என்ன என்று முதலில் தெரிந்துகொள். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் வழக்கமாக ஜூனில் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. 30 அணிகள், இரண்டு சுற்று, ஏறக்குறைய 60 பெயர்கள். பிளே-ஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்குக் குலுக்கல் நடத்தி, முதலில் எடுக்கும் உரிமையைத் தருகிறார்கள்; தோற்றவனும் எழுந்து நிற்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. 19 வயது நிறையும் ஆண்டிலிருந்து பெயர் கொடுக்கலாம். முதல் சுற்றில் வந்தவனுக்குச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றுக்காரனுக்கு அந்த உறுதி கிடையாது. பெயரைக் கூப்பிட்டுவிட்டாலே அணியில் இடம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதே.

2. சத்னாம் சிங்கின் கதையைக் கடைசிவரை படி. பஞ்சாபில் பல்லோ கே என்ற சின்னக் கிராமம். லூதியானா அகாடமியில் பயிற்சி, 2010-இல் ஃப்ளோரிடா பயணம். 2015 ஜூனில் டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52-ஆவது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் தேர்வான முதல் ஆள் அவர். உயரம் 7 அடி 2 அங்குலம். அவர் தேர்வான அன்று இந்தக் கோர்ட்டில் நாங்கள் லட்டு கொடுத்தோம். ஆனால் அவர் ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. அதற்குக் கீழ்நிலை லீக்கில்தான் ஆடினார். உயரமானவனும் ஓட வேண்டும், தூரத்திலிருந்து பந்து போட வேண்டும் என்று ஆட்டம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அவர் சென்ற தூரம் வரை நம்மில் யாரும் சென்றதில்லை. அதனால் அவரை வணங்கு. உன் கால்களையும் பழக்கு.

3. ஃப்ரீ த்ரோவை மதி. பலகையிலிருந்து 15 அடி, வளையத்தின் உயரம் 10 அடி. அமெரிக்காவிலும் இதே அளவுதான், உடைந்த சிமெண்ட் கோர்ட்டிலும் இதே அளவுதான். 2019 அக்டோபர் 4 அன்று வொர்லி டோமில் என்பிஏ அணிகளான இந்தியானா பேசர்ஸும் சாக்ரமென்டோ கிங்ஸும் மோதின. பள்ளிப் பிள்ளைகள் 3,000 பேர் பார்த்தார்கள். கூடுதல் நேரம் வரை போய் பேசர்ஸ் 132–131 என்று ஜெயித்தது. ஒரே புள்ளி, ஒரு ஃப்ரீ த்ரோவின் மதிப்பு! யாரும் மறிக்காத அந்த 15 அடியில் நீ தினமும் 100 பந்து போடுவதற்குக் காசு வேண்டாம், உயரமும் வேண்டாம்.

4. யாரும் எடுக்கவில்லை என்றால் மறுநாள் காலை கோர்ட்டுக்கு வா. 22 வயதில் ஒரு துறை அணியின் டிரையலுக்குப் போனேன். பட்டியலில் என் பெயர் இல்லை. வீட்டில் சொல்லத் தைரியமில்லாமல் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். எந்த அணிக்கு எந்த இடத்தில் ஆள் தேவை என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கை உன் மதிப்பு என்று எண்ணிவிடாதே. தாராவிப் பெண் சிம்ரன் ஷேக்கைப் பார். ஆட்டம் கிரிக்கெட், பாடம் நமக்கும்தான். 2023-இல் மகளிர் பிரீமியர் லீக்கின் முதல் ஏலம் நடந்தது, மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில். உபி வாரியர்ஸ் அவரை 10 லட்சத்துக்கு எடுத்தது. அடுத்த ஏலத்தில் யாரும் எடுக்கவில்லை. 2024 டிசம்பரில் குஜராத் ஜெயன்ட்ஸ் அவருக்குக் கொடுத்த விலை 1.90 கோடி. நடுவில் இருந்த அந்த ஒரு வருடத்தில் அவர் மட்டையைக் கீழே வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

5. இந்த ஊர் வாசல்களையும் தட்டு. இந்தியாவில் கூடைப்பந்து ஆடுகிறவருக்குச் சோறு போட்டவை ரயில்வேயும் வங்கிகளும் மற்ற அரசுத் துறைகளும்தான். சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார், 2021-இல் பத்மஸ்ரீ. மும்பையில் நாக்பாடா கோர்ட்டைப் போய்ப் பார். அர்ஜுனா விருது வாங்கிய அப்பாஸ் மூன்தசிர் அந்தப் பகுதியில் வளர்ந்தவர். மாட்டுங்கா டான் போஸ்கோவின் சாவியோ கோப்பையில் பெரிய அணிகள் ஆடும்போது வேலிக்கு வெளியே நின்றாவது பார். பந்து கையில் இல்லாத நான்கு பேரும் என்ன செய்கிறார்கள் என்று கவனி.

6. வயதைக் குறைக்காதே. இரண்டு வருடம் குறைத்துக் காட்டினால் ஜூனியர் அணியில் இடம் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அந்த இடம் உன்னைவிடச் சின்னவன் ஒருவனுடையது. பிறப்புச் சான்றிதழையும் மார்க் ஷீட்டையும் பத்திரமாக வை. படிப்பை நிறுத்தாதே, வேலைக்கு எழுதிப்போடும் நாளில் அதையும் கேட்பார்கள்.

7. டப்பாவில் வரும் பவுடரை நம்பாதே. 2019-இல் நடந்த ஊக்கமருந்துச் சோதனையில் சத்னாம் சிக்கினார். இரண்டு ஆண்டுத் தடை விதித்தார்கள். தெரியாமல் உடம்பில் சேர்ந்தது என்றார். தெரியாமல் சாப்பிட்டாலும் தடை தடைதான். இருமல் மருந்தைக்கூட டாக்டரிடம் “நான் விளையாடுகிறவன்” என்று சொல்லிவிட்டு வாங்கு. முட்டை, கடலை, வாழைப்பழம், ஒழுங்கான தூக்கம் இவை உன்னைக் கைவிடாது.

8. இது பெற்றோருக்கு. தாராவியில் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் நம் பயிற்சி நேரமும் பல வீடுகளில் ஒன்றாக அமைந்துவிடுகிறது. அதனால் பையன் வருகிறான், பெண் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள். நல்ல கை உள்ள எத்தனையோ பெண்களை இப்படி இழந்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் அண்ணன் குடத்தைத் தூக்கட்டும். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. டிராஃப்ட் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி இரவு 8 மணிக்குத் தொடங்கினால் நமக்கு விடிகாலை 5.30. நம் பயிற்சி தொடங்குவதும் அப்போதுதான். இந்த வருடம் அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதே. மழை பெய்தாலும் வா. கோர்ட் ஓரத்துத் தண்ணீரைச் சேர்ந்து தள்ளிவிட்டு ஆடுவோம். அங்கே யார் பெயரைக் கூப்பிட்டார்கள் என்பதை ஆடி முடித்த பிறகு, டீ குடிக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.